ஒரு முறைதான் கேட்டேன்

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த நர்சுகளுக்கு ஒரு வகுப்பு நடந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளைச் சும்மா விடுவார்களா? வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே அமெரிக்காவிலேயே பிறந்த பெண். "ரொம்ப முக்கியமான ஒரு தடயத்தை எடுக்கக் கூடாது என்று பேஷண்ட் சொல்லிவிட்டால், அவர்களை எப்படி கன்வின்ஸ் பண்ணுவது, ஆன்ட்டி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் நல்ல பெண்தான், அக்கறையோடுதான் கேட்டாள். ஆனாலும் வந்தது. கன்வின்ஸ் பண்ணக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன் கூடாது என்று சொல்ல அங்கே நேரம் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஈரோட்டில் நர்சிங் படித்ததும், கல்யாணமாகி, கணவருக்கு வேலை கிடைத்து டெக்சஸுக்கு வந்ததும், ரவுண்ட் ராக் என்ற ஊரில் வீடு பிடித்ததும், மறுபடியும் பரீட்சை எழுதி எமர்ஜென்சி வார்டில் சேர்ந்ததும் இங்கே வந்த பலருக்கும் நடந்த கதைதான். தொண்ணூறுகளின் நடுவில், பாலியல் வன்முறைக்கு ஆளாகி வருகிறவர்களைப் பரிசோதித்துத் தடயம் எடுக்க நர்சுகளுக்குத் தனிப் பயிற்சி தர ஆரம்பித்தார்கள். நான் பெயர் கொடுத்தேன். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் எமர்ஜென்சி நர்ஸ் என்பதோடு நிறுத்திக்கொள்ளும்படி என் கணவர் கேட்டுக்கொண்டார். நான் நிறுத்திக்கொள்ளவில்லை. அதன் பிறகு எங்கள் மேஜைக்கு அதிகம் பேர் வரவில்லை. சர்க்கரைப் பொங்கலை நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது.

எங்கள் பிரிவுக்குத் தலைமை நர்ஸ் டோலரஸ். மெக்சிகோ எல்லைப் பக்கத்து ஊரில் பிறந்தவர். குட்டையான, கனத்த உடம்பு. திரைச்சீலை திறந்திருந்தாலும் பக்கத்துச் சுவரைத் தட்டி, "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். போனதும் ஒரு சின்ன ஸ்டூலை இழுத்து, பேஷண்ட்டின் கண் மட்டத்துக்குக் கீழே உட்காருவார். ஒன்று கேட்பார், பிறகு வாயை மூடிக்கொள்வார். பதில் வரும்வரை தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அமைதியை முதலில் என்னால் தாங்க முடியவில்லை. நடுவில் எதையாவது சொல்லி நிரப்பிவிடுவேன். "கேள்வியைக் கேட்டாயிற்றல்லவா, இனி அது அவளுடைய நேரம். அதில் நீ ஏன் நுழைகிறாய்?" என்பார்.

வேலைக்கென்று முறைகள் உண்டு. தடயம் எடுக்கும் பெட்டி முத்திரையோடு பூட்டிய அலமாரியில் இருக்கும். முத்திரையை உடைத்தபின் அதைப் போலீஸ் கையில் கொடுக்கும்வரை நர்ஸ் அறையை விட்டு நகரக் கூடாது, தாகம் எடுத்தாலும் சரி. துணிகளைக் காகிதப் பையில்தான் போடவேண்டும். பிளாஸ்டிக்கில் ஈரம் நின்று பூசணம் பிடித்துவிடும். காயத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் சின்ன அளவுகோல் இருக்கவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முறை. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, செய்யலாமா என்று கேட்கவேண்டும். வேண்டாம் என்றால், மறுத்துவிட்டார் என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகவேண்டும். மருந்து கொடுப்பதும் ஆறுதல் சொல்வதும் தெரிந்த எனக்கு, அந்த ஒன்றைப் படிக்கத்தான் அதிக நாள் பிடித்தது.

அந்த வருடங்களில்தான் வீடியோ கேசட் கடைகளின் பின்னறைகளில் ஆபாசப் படங்களுக்குக் கூட்டம் நெரிந்தது. கொஞ்ச நாளில் கம்ப்யூட்டரிலும் வர ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் ஒரு கல்லூரி மாணவியை அழைத்துவந்த இளம் போலீஸ்காரர், தாழ்வாரத்தில் நின்று டோலரஸிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "அவன் ரூமுக்குப் போய் அந்த மாதிரிப் படத்தை அவனோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். வேறு என்ன நடக்கும் என்று நினைத்தாளாம்?"

டோலரஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் டிவியில் குத்துச்சண்டை பார்ப்பதுண்டா?"

"பார்ப்பேன்."

"அப்படியானால் உங்கள் மூக்கில் நான் ஒன்று விடலாமா?"

அதன் பிறகு அந்தப் போலீஸ்காரர் எங்கள் தாழ்வாரத்தில் சிரித்ததில்லை.

படம் பார்த்தவனெல்லாம் இப்படிச் செய்துவிடுவான் என்று நான் சொல்லவரவில்லை. கேசட் கண்டுபிடிப்பதற்கு முன்னாலும் ஆண்கள் செய்துகொண்டுதான் இருந்தார்கள், ஈரோட்டிலும் செய்தார்கள். ஆனால் வேலையில் வருடங்கள் ஓட ஓட ஒரு வித்தியாசத்தை நான் பார்த்தேன். முன்பெல்லாம் மாட்டிக்கொண்டவன் பொய் சொல்வான். நான் அங்கே இல்லவே இல்லை, நான் தொடவே இல்லை என்பான். தப்பு என்று தெரிந்ததால்தான் பொய். பிறகு வந்தவர்களில் சிலர் பொய் சொல்லவில்லை. ஆமாம், செய்தேன், அதில் என்ன, எல்லாரும் அப்படித்தானே என்றார்கள். பொய் சொல்கிறவனை எனக்குக் கையாளத் தெரியும். இவர்களைப் பார்த்துத்தான் பயந்தேன்.

அப்படிப்பட்ட ஒருவனிடம் மாட்டிக்கொண்டவள்தான் வசந்தி. பெயரை மாற்றியிருக்கிறேன்.

சனிக்கிழமை முற்பகல். வரவேற்பில் கழுத்துவலி என்று பதிந்துகொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். திண்டுக்கல் பக்கம், இருபத்து மூன்று வயது, கல்யாணமாகிச் சில மாதங்கள். தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை நுனியில் முடிந்து, இஸ்திரி போட்ட சுடிதாரில், நெற்றியில் குங்குமத்தோடு இருந்தாள். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் போட்டிருந்தாள். பக்கத்தில் அவர்களுடைய அபார்ட்மெண்ட்டில் மேல்வீட்டில் இருக்கும் லலிதா ஆன்ட்டி. சென்னைக்காரர், மகன் வீட்டோடு இருப்பவர். இரண்டு பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது. அந்த ஊரில் கார் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமுடியாது. அதனால் கூட்டிக்கொண்டு வந்தவன் அவள் புருஷன். காத்திருக்கும் இடத்தில் கால்மேல் கால் போட்டு, பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

டோலரஸ் ரத்த அழுத்தம் பார்க்கும்போது துப்பட்டா நழுவியது. கழுத்தைச் சுற்றிச் சிவந்த கோடு. கோட்டுக்குள் கயிற்றின் முறுக்கு வரிவரியாகப் பதிந்திருந்தது. அதன் மேலேயே அந்தக் கயிறும் கிடந்தது. புதுக் கல்யாணத்தின் மஞ்சள் கயிறு, இன்னும் தங்கச் சங்கிலிக்கு மாற்றாதது. டோலரஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆன்ட்டியை வெளியே உட்காரச் சொன்னார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வசந்திக்கு ஆங்கிலம் புரிந்தது, வாயில் வரவில்லை. போனில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடலாம், அல்லது இந்த நர்ஸுக்குத் தமிழ் தெரியும், யார் வேண்டும் என்று டோலரஸ் கேட்டார். "அக்காவே பேசட்டும்" என்றாள்.

பேசினாள். முந்தின நாள் சாயங்காலம் அவன் கேசட் எடுத்துவந்து போட்டிருக்கிறான். அதில் பார்த்ததுபோல் நடந்துகொள்ளும்படி அவளிடம் கேட்டிருக்கிறான். "வேணாம்னு சொன்னேன்க்கா. எத்தனையோ தடவை சொன்னேன். கேக்காத மாதிரி இல்ல. கேட்டுட்டுச் சிரிச்சாரு. கயித்தப் புடிச்சு முறுக்குனப்பவும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தாரு."

போலீஸில் சொல்லவேண்டுமா, பரிசோதனை வேண்டுமா என்பதெல்லாம் அவள் முடிவு என்று சொன்னோம். அவளுடைய விசா அவன் வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவனைப் போலீஸ் பிடித்தால் அவள் எங்கே போவாள்? இதையும் மறைக்காமல் சொன்னேன். "ஊருக்குத் திருப்பி அனுப்பிச்சா அனுப்பட்டும்க்கா. நான் வேணாம்னு சொன்னத யாராச்சும் ஒருத்தர் நம்பணும்" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

டோலரஸ் போலீஸுக்குப் போன் செய்யப் போனார். நான் ஆன்ட்டியிடம் போய், அவள் நேற்றுப் போட்டிருந்த துணி எங்கே என்று கேட்டேன்.

"நான்தாம்மா எல்லாத்தையும் வாஷர்ல போட்டேன். அழுதுகிட்டே வந்து நின்னா. டாக்டர்கிட்ட போறப்போ அந்தக் கோலத்துல எப்படிப் போறது? தலைக்கு ஊத்திக்கோ, நல்ல டிரெஸ்ஸாப் போட்டுக்கோன்னு நான்தான் சொன்னேன். நானே சீயக்காய் தேய்ச்சு விட்டேன்."

ஆஸ்பத்திரிக்குச் சுத்தமாகப் போகவேண்டும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். நாங்கள் எடுக்கவேண்டிய தடயத்தில் பெரும்பகுதி சீயக்காயோடு சாக்கடையில் போய்விட்டிருந்தது. நான் அதைச் சொன்னதும் ஆன்ட்டியின் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் அந்தப் பெண்ணுக்கு நல்லதுதான் செய்ய நினைத்தார்.

பெட்டியை எடுக்க அலமாரிக்குப் போகும் வழியில் அவள் புருஷன் என்னை மறித்தான். செந்தில் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தெட்டு வயது, பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை, படிய வாரிய தலை, மரியாதையான குரல்.

"சிஸ்டர், நீங்க நம்ம ஊர்க்காரங்கதானே? என்ன இவ்ளோ டயம் ஆகுது? சுளுக்குதானே?"

"டாக்டர் வந்து பேசுவாங்க. உட்காருங்க."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அவ ஏதாவது சொல்லியிருப்பா. நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சிஸ்டர். இங்க எல்லாரும் பாக்குறதுதான். மேரேஜுக்கு முன்னாடி ரூம்மேட்ஸோட வீக்கெண்டானா பாப்போம். அதுல எல்லாம் முதல்ல வேணாம்னுதான் சொல்லுவாங்க. அழக்கூடச் செய்வாங்க. அப்புறம் அவங்களே சிரிப்பாங்க. இவ மட்டும் ஏன் அழுதுட்டே இருக்கான்னு எனக்குப் புரியவே இல்ல."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் கள்ளம் இல்லை. பதில் தெரியாத கணக்கை வாத்தியாரிடம் கொண்டுவந்து காட்டுகிறவன் முகம். அறைந்துவிடுவேனோ என்று பயந்து, கையைக் கோட் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தேன்.

பெட்டியின் முத்திரையை உடைத்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன், கேட்டேன், செய்தேன். அவள் தலையசைத்தாள். எதிர்பார்த்தது போலவே ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. அவள் உடுத்திக்கொண்டு உட்கார்ந்தபின் வாசலில் ஒரு துப்பறியும் அதிகாரி வந்து நின்றார், பெரிய ஆள், நல்ல மனிதர். கழுத்தைப் படம் எடுத்தேன். அப்போதுதான் அந்தக் கயிற்றை உற்றுப் பார்த்தேன். நம் பெண்கள் குளிக்கும்போதும் கழற்றாத ஒன்று அது. முறுக்கு ஒரு பக்கம் பிய்ந்து, முடிச்சு இறுகிப்போயிருந்தது. தண்ணீர் போகாத இழைகளுக்குள் காய்ந்த ரத்தம் போலப் பழுப்பாக ஒரு திட்டு. கழுத்தில் பதிந்த வரிகளும் கயிற்றின் வரிகளும் ஒன்றுதான் என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம். ஆன்ட்டியின் சீயக்காய்க்குத் தப்பியது அது மட்டும்தான். அதுவே போதும் என்று எனக்குத் தோன்றியது.

"வசந்தி, இந்தக் கயிறு முக்கியமான தடயம். கழட்டிக் குடுத்தா பையில போட்டு சீல் வெச்சு போலீஸ்ல குடுப்போம். எடுத்துக்கலாமா?"

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. அவர் உசுரோட இருக்கறப்ப எப்படிக்கா கழட்டுறது?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்தக் கயிற்றை வைத்துத்தானே உன்னை முறுக்கினான்! அதற்கு நீ கொடுக்கும் மரியாதை அவனுக்கு எங்கே தெரியும்? இதெல்லாம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் நினைத்திருந்தால் அவளைச் சம்மதிக்க வைத்திருக்கலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் மொழி எனக்குத் தெரியும். கோயிலில் கழற்றி வைக்கிறதாக நினைத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். உன் அம்மாவாக இருந்தால் கொடுக்கத்தான் சொல்வாள் என்றிருக்கலாம். தலையைத் தடவி, நாலு வார்த்தை கெஞ்சி, இரண்டு வார்த்தை அதட்டியிருந்தால் போதும். அவள் நன்மைக்குத்தானே.

அவள் கயிற்றைப் பிடித்ததிலேயே, தமிழ் தெரியாத அதிகாரிக்கும் விஷயம் புரிந்துவிட்டது. வாசலிலிருந்து மெதுவாகச் சொன்னார். "இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். உங்கள் மக்கள்தானே. வழக்கே அதில்தான் நிற்கப்போகிறது."

டோலரஸ் மூலையில் நின்று தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல்ல வேணாம்னுதான் சொல்லுவாங்க. அவன் குரல் என் காதுக்குள்ளேயே கேட்டது. இந்த அறைக்குள் வந்து முதன்முதலாக இந்தப் பெண் ஒன்றை வேண்டாம் என்கிறாள். நேற்று வேண்டாம் என்றதை அவன் தாண்டிப் போனான். இன்று அதே சொல்லை, நல்லதுக்காக, அக்கா என்ற உரிமையில், நான் தாண்டிப் போனால், அவள் சொன்னதை நம்ப இந்த உலகத்தில் யார் மிச்சம்?

"சரிம்மா" என்றேன். "வேணாம்னா வேணாம். கயிறு உன்கிட்டயே இருக்கட்டும். கழட்டாம, இருக்கிற இடத்துலயே அதைப் படம் எடுத்துக்கலாமா?"

அவள் என்னை நம்பமுடியாமல் பார்த்தாள். அடுத்த கேள்வி வரும், அதட்டல் வரும் என்று காத்திருந்த முகம். வரவில்லை என்று தெரிந்ததும் பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள். "எடுத்துக்குங்க" என்றாள். அளவுகோல் வைத்து, நாலா பக்கத்திலிருந்தும் எடுத்தேன். அதிகாரி பெருமூச்சு விட்டுவிட்டு வெளியே போனார்.

செந்திலை விசாரணைக்குக் கூட்டிப்போகும்போது அவன் கேட்டது, பார்க்கிங்கில் நிற்கும் காரை யாராவது இழுத்துக்கொண்டு போய்விடுவார்களா என்பதுதான். பிறகு ஆன்ட்டியைப் பார்த்து, "அவளைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போயிடுங்க ஆன்ட்டி, நான் வந்துடறேன்" என்றான்.

"என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்பா. உன் வீட்டுக்கு அவ வரல" என்றார் ஆன்ட்டி. அன்று முழுக்க அவர் நிமிர்ந்து பேசியது அந்த ஒரு தடவைதான்.

வழக்கு விசாரணைக்கு வர அடுத்த வருடம் ஆகிவிட்டது. சாட்சி என்பதால் அதுவரை வசந்தி இங்கேயே தங்க அரசு வக்கீல் அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார். மனைவியாக இருந்தாலும் குற்றம் குற்றம்தான் என்று டெக்சஸில் சட்டம் முழுதாக மாறி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. சாட்சிகள் தங்கள் முறை வரும்வரை வெளியே பெஞ்சில்தான் உட்காரவேண்டும். உள்ளே என்ன நடந்தது என்று அரசு வக்கீல் பிறகு சொன்னார். செந்தில் என்னிடம் சொன்னதையே போலீஸிடமும் ஒளிக்காமல் சொல்லியிருந்தான். அதனால் அவன் வக்கீலுக்கு ஒரே வழிதான் இருந்தது. இந்தியாவில் புதுப்பெண் கூச்சப்படுவாள், வேண்டாம் என்றுதான் சொல்வாள், அது நிஜமான வேண்டாம் இல்லை, அவனுக்கு எப்படித் தெரியும் என்று வாதாடினார். கடையில் யாருக்கும் கிடைக்கிற கேசட்டைப் பார்த்தது குற்றமா என்று கேட்டபோது, தீர்ப்புச் சொல்லும் ஜூரி உறுப்பினர்களில் ஒருவர் அவர் சொல்வது சரிதான் என்பதுபோல் தலையாட்டினாராம்.

என்னைக் கூப்பிட்டார்கள். வசந்தி ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்து, அரசு வக்கீலுக்குப் பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் சாதுவான குரல்காரர். சிரித்த முகத்தோடு எழுந்தார்.

"அந்தக் கயிறு முக்கியமான தடயம் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஆனாலும் அது இங்கே இல்லை. கேட்டீர்களா?"

"கேட்டேன். வேண்டாம் என்றார்."

"எத்தனை முறை கேட்டீர்கள்?"

"ஒரு முறை."

அவர் ஜூரியின் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரே ஒரு முறை! நீங்கள் அவருடைய மொழி பேசுகிறவர். கூச்சத்தில் அப்படிச் சொல்லியிருப்பார், இன்னும் கொஞ்சம் வற்புறுத்தினால் சம்மதித்துவிடுவார் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?"

"வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே, சார்" என்றேன்.

அவர் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். பிறகு தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. முன்பு தலையாட்டிய ஜூரர் எவரோ தெரியாது, யாரும் இப்போது தலையாட்டவில்லை. வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். வேறு கேள்வி இல்லை என்றார்.

குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. கயிறு இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க வேண்டியதில்லை என்று அரசு வக்கீல் என்னிடம் சொன்னார். அது உண்மைதான்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் நல்ல வெயில். வசந்தி ஒரு பழைய கார் பக்கத்தில் நின்றிருந்தாள். உள்ளே முன்சீட்டில், பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லலிதா ஆன்ட்டி. சாவி வசந்தியின் கையில் இருந்தது. கழுத்தில் கயிறு இல்லை. எப்போது கழற்றினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீங்க இன்னொரு தடவை கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன்."

"தெரியும் வசந்தி" என்றேன். "அதனாலதான் கேக்கல."